பழைய டீசல் அம்பாசிடருக்குத் தெர்மோஸ்டாட்: 74, 82, 88 இவற்றில் எது பொருந்தும்?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):

வணக்கம். என்னிடம் இருப்பது 1489 சிசி டீசல் எஞ்சின் கொண்ட அம்பாசிடர். எனக்கு முன் வைத்திருந்தவர் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை) கழற்றிவிட்டே ஓட்டியிருக்கிறார். மார்கழி விடியலில் புறப்பட்டால், சத்தியமங்கலம் தாண்டும் வரை சூடுகாட்டும் ஊசி மேலே வருவதில்லை, வெண்புகையும் அடங்குவதில்லை. ஆனால் பண்ணாரிக்கு மேல் திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் ஊசி சிவப்பைத் தொட்டுவிடுகிறது. கோவையில் உதிரிபாகக் கடைக்காரர் 74, 82, 88 டிகிரி என மூன்றை எடுத்து வைத்து, எது வேண்டும் என்று கேட்டார். மலையேறும் வண்டி என்பதால் 74 வாங்கலாமா?

மறுமொழி (சிங்காநல்லூர்):

ஐயா, இரண்டு தனித்தனிக் கோளாறுகளை நீங்கள் ஒன்றாக எண்ணுகிறீர்கள். தெர்மோஸ்டாட்டின் மேல் பொறித்திருக்கும் எண், உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலையாகும். அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரியில் அது முழுவதும் திறந்துவிடும். எனவே எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே குளிரக்கூடாது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. திம்பத்தில் நீர் 100 டிகிரியை நெருங்கும்போது 74-உம் 82-உம் ஒன்றுபோலவே முழுவதும் திறந்திருக்கும். உங்கள் வண்டியிலோ வால்வே இல்லை, இருந்தும் சூடேறுகிறது. ஆகவே ரேடியேட்டரையும், விசிறி பெல்ட்டையும், ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றியே பாதி ரேடியேட்டர்கள் உப்படைத்துக் கிடக்கின்றன. வெண்புகை என்பது சரியாக எரியாத டீசல். அதற்கு மருந்து 82.

மறுமொழி (பொள்ளாச்சி):

உங்கள் எஞ்சின் சேர்ந்த அதே பி-சீரீஸ் எஞ்சின் குடும்பத்துப் பெட்ரோல் எஞ்சின் கொண்ட எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காருக்குப் பொதுவாக 82, வெப்ப நாடுகளுக்கு 74, குளிர் நாடுகளுக்கு 88 என்றே பரிந்துரைத்திருந்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு 74 தானே முறை?

மறுமொழி (சிங்காநல்லூர்):

அது பெட்ரோலுக்கான கணக்கு. பெட்ரோல் எஞ்சின் கூடுதலாகச் சூடேறினால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வரும் என்பதால் சற்றுக் குளிர்ச்சியாக வைப்பதில் பொருள் உண்டு. டீசலில் நிலைமை தலைகீழ்: சிலிண்டர் குளிர்ந்திருந்தால்தான் தெளித்த டீசல் தாமதமாகப் பற்றி, தட்டும் ஓசை கூடும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். மேலும் டீசல் எஞ்சின் குறைந்த சுமையில் மிகுந்த காற்றை இழுத்து ஓடுவதால், கோபி வயல்வெளிச் சாலையில் மெதுவாகச் செல்லும்போது தானாகவே குளிர்ந்துவிடும். 88 தவறில்லை, ஆனால் பழைய ரேடியேட்டரோடு மலையேறுகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

பொருத்துவதற்கு முன், நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். மெழுகுக் குமிழ் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் நேரத்தில் திறக்காது. காற்று வெளியேறும் சிறு துளை இருந்தால் அது மேற்புறம் வரட்டும்.

கேள்வி கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து):

ரேடியேட்டர் மேல்தொட்டியைப் பிரித்தபோது, குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளை உப்பால் அடைந்திருந்தது; கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். அடுப்பில் சோதித்தபோது 81-இல் அசையத் தொடங்கிய 82-ஐப் பொருத்தி, கூலண்ட் நிரப்பி, நேற்றுத் தாளவாடி போய் வந்தேன். சத்தியமங்கலத்துக்கு வெகு முன்பே புகை நின்றுவிட்டது. கடைசி ஐந்தாறு வளைவுகளில் ஊசி சற்று உயர்ந்து, திம்பத்தில் ஏற்றம் முடிந்ததும் நடுவுக்குத் திரும்பியது. வாங்கப் போகிறவர்கள் கேஸ்கெட்டையும் (நீர் கசியாமல் இடையில் வைக்கும் அடைப்புத் தகட்டையும்) கேட்டு வாங்குங்கள். எனக்குக் கொடுக்காததால் அதற்காகவே மறுபடியும் கோவைக்குப் பேருந்து ஏற வேண்டியதாயிற்று.