கடலோர வீட்டில் பூனைகளுக்கு வெளிக்கூடு: எந்த வலை, எத்தனை குழாய், தரை எப்படி?

கல்லடி வாசி:

வணக்கம். வீட்டுல மூணு பூனை. ரெண்டு பெரிசு, ஒண்டு நாலு மாசக் குட்டி. றோட்டு நாய்க்குப் பயந்து உள்ளேயே வெச்சிருக்கம். வீட்டின்ட மேற்குச் சுவரை ஒட்டி 12 அடி நீளம், 6 அடி அகலத்துல ஒரு கூடு அடிக்கலாம் எண்டு யோசனை. ஆள் நிமிர்ந்து நிண்டு கூட்டிப் பெருக்குற மாதிரி 7 அடி உயரம் வேணும். கடல் கிட்ட. நிலம் முழுக்க மணல். பழைய மரக்கால் ஆறு கிடக்கு, கழிவு ஒயில் பூசினது. அதைப் போடலாமா? கோழிக்கூட்டு வலை போதுமா? தரையை மணலாவே விடலாமா?

அக்கரைப்பற்று பட்டறை:

தம்பி, கோழிக்கூட்டு வலை வேணாம். அந்த அறுகோண வலை மெல்லிசு, முறுக்கித்தான் பின்னியிருக்கும். துருப்பிடிச்சா லேசா அறுந்திடும். நாய் பல்லால இழுத்தாலும் கிழியும். வெல்ட் மெஷ் எடுங்க, கம்பி குறுக்க வர்ற இடமெல்லாம் பத்தவெச்ச சதுரக்கண் வலை. ஒரு அங்குலக் கண் பூனைக்குப் போதும், பாம்பை நினைச்சா அரை அங்குலம்தான் நல்லது. (சின்னப் பாம்பு அரை அங்குலத்துக்குள்ளயும் நுழையும், அதனால கூட்டைச் சுத்திப் புல்லு வளர விடாதீங்க.)

கடையில ரோலை விரிச்சுக் கம்பி குறுக்க ஒட்டுற இடத்தைப் பாருங்க. அந்தப் புள்ளி கறுத்துக் கிடந்தா, நாகம் (சிங்க்) பூசின கம்பியைப் பிறகு வெல்ட் பண்ணியிருக்காங்க எண்டு அர்த்தம். உப்புக்காத்துல அந்தப் புள்ளியிலதான் முதல்ல துரு வரும். மூலையில நாகம் வழிஞ்சு திரண்டு வெள்ளையா இருந்தா வெல்டுக்குப் பிறகு முக்கினது. கொஞ்சம் விலை கூட, ஆனா கல்லடிக்கு அதுதான். மேல பிளாஸ்டிக் பூச்சும் இருந்தா இன்னும் நல்லம்.

ரோல் 3 அடி அகலம் எண்டா காலையும் 3 அடிக்கு ஒண்டா நிறுத்துங்க, வலை வீணாகாது. சுத்திவர ஒரு அடி உயரத்துக்குக் கல் கட்டி, அத்திவாரத்தை மணலுக்குள்ள ஒரு அடி இறக்குங்க, நாய் தோண்டி உள்ள வராது. அதுக்கு மேல வலை 6 அடி. முன்பக்கம் 24 அடி ரோல், ரெண்டு பக்கவாட்டுக்கும் சேர்த்து 24, கூரைக்கு 24, உள்ள சின்னக் கதவறை மறைப்புக்கு 12. ஆக 84. 100 அடி ரோல் ஒண்டு போதும்.

சட்டத்துக்கு ஒண்டரை அங்குல பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்), 20 அடி நீளம். ஒன்பது காலுக்கு 5, மேல் சட்டமும் நடுச்சட்டமும் 4, கதவறைக்கு 1, ரெண்டு கதவுக்கு 2. மொத்தம் 12, வெட்டுக்கழிவுக்கு இன்னொண்டு. வெல்ட் பிடிச்ச இடத்துல நாகம் எரிஞ்சு போயிருக்கும். கம்பித் தூரிகையால தேய்ச்சு, சிங்க் பிரைமர் ரெண்டு தரம் பூசி, பிறகுதான் பெயின்ற். இதைத் தட்டிக் கழிச்சா முதல் மாரியிலேயே மூட்டுல மஞ்சக் கறை வரும்.

வலையைச் சட்டத்தோட வெல்ட் பண்ண வேணாம். சட்டத்தின்ட உள்பக்கம் வெச்சு, மேல ஒரு அங்குலப் பட்டை இரும்பு வெச்சு, 9 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ போடுங்க. வெட்டின கூர்முனையெல்லாம் பட்டைக்குள்ள மறையும், பிறகு துண்டு மாத்துறதும் லேசு.

பூனைவணங்கி:

அண்ணன் சொன்ன சட்டம் சரி. ஆனா அந்த மரக்கால் வேணாம் தம்பி, கட்டாயம் வேணாம். பூனை உரசின இடத்தை நக்கித்தான் உடம்பைச் சுத்தம் பண்ணும். கழிவு ஒயிலும், மரம் உக்காம இருக்கப் பூசுற கிரியோசோட்டும் அப்படியே வயித்துக்குள்ள போகும். கறையான் மருந்துல பெர்மெத்ரின் இருந்தா அதுவும் கூடாது. நாயின் உண்ணிக்கு அடிக்கிற மருந்துலயும் அது இருக்கும், பூனைக்கு வலிப்பு வந்து செத்துப்போகும்.

மணல் தரையையும் மறந்திடுங்க. மணலைக் கண்டா பூனைக்கு அது முழுக்கக் கக்கூசுதான், கொக்கிப்புழுவும் அதுக்குள்ளதான் வளரும். 3 அங்குலக் கொங்கிறீற் போடுங்க: சீமெந்து ஒண்டு, மணல் ரெண்டு, முக்கால் அங்குலச் சல்லி நாலு. 72 சதுர அடிக்கு மூண்டரைப் பை வரும். வீட்டுச் சுவருல இருந்து வெளிப்பக்கம் ஒண்டரை அங்குலச் சரிவு வேணும். தண்ணி போக 2 அங்குலக் குழாய் ஒண்டைக் கல்லுக்குள்ள விட்டு, அதின்ட வாயிலயும் வலை கட்டுங்க, அது திறந்து கிடந்தா பாம்புக்குக் கதவு. மலம் கழிக்கத் தட்டு மூணு பூனைக்கு நாலு, தும்புத்தூள் போடலாம்.

கழுவுறதுக்கு ஃபினைல் வேணாம். பூனையின் ஈரலால அதைக் கழிக்க ஏலாது. முதல்ல சவர்க்காரத் தண்ணியால மூத்திரத்தைக் கழுவி விட்டு, பிறகு ஐதாக்கின குளோரின் போட்டு, காய்ஞ்ச பிறகுதான் பூனையை விடணும். மூத்திரத்து மேலேயே குளோரின் ஊத்தினா கண்ணெரியிற நச்சுவாயு கிளம்பும்.

கல்லடி வாசி:

நன்றி அக்கா, அண்ணன். கதவறை எதுக்கு? கூரைக்குத் தகரம் முழுக்கப் போடலாமா?

பூனைவணங்கி:

கூட்டுல இருந்து பூனை தப்புறது வலையால இல்ல, கதவால. மூலையில 3 அடிக்கு 3 அடி அறை, ரெண்டு கதவு. ஒண்டைப் பூட்டாம மத்ததைத் திறக்கக்கூடாது. சின்ன இடம் எண்டதால வெளிக்கதவு வெளிப்பக்கம் திறக்கணும், உள்கதவு கூட்டுக்குள்ள திறக்கணும். கதவுக்கு அடியில அரை அங்குலத்துக்கு மேல இடைவெளி விடாதீங்க, குட்டியின் தலை போனா உடம்பும் போகும். கொளுக்கியைப் பூனை தட்டித் திறந்திடும், இழுத்துப் போடுற தாழ்ப்பாள் வேணும்.

மேற்குப் பக்கம் எண்டபடியால வாடை மழையை வீடே மறைக்கும். உங்களுக்குக் கஷ்டம் மேற்கால வாற கச்சான் காத்தும் பின்னேர வெயிலும்தான். மே மாசத்துல இருந்து மேற்கு முகத்துல பச்சை நிழல்வலை கட்டி, மாரிக்குச் சுருட்டி வைங்க. கூரையில வீட்டோரம் 3 அடிக்கு மட்டும் தகரம், அதுக்கு மேல கிடுகு. மிச்சம் வலை. பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினா உடனே உள்ள தூக்கிக்கொண்டு போய் ஈரத்துணியால துடைச்சு, டொக்டருக்குக் காட்டுங்க.

அலரியும் லில்லியும் பக்கத்துல வேணாம், லில்லி சிறுநீரகத்தைக் கொல்லும். அறுகம்புல்லு ஒரு சட்டியில வைங்க. குப்பைமேனி வேரோட பிடுங்கிக் குடுத்துப் பாருங்க, கிறங்கி உருளும்.

அக்கரைப்பற்று பட்டறை:

தகரத்துக்கு ஆணி அடிக்காதீங்க. 1978 நவம்பர் 23 புயலைக் கண்ட மட்டக்களப்பு மாவட்டம் இது. கொளுக்கி போல்ற்றால சட்டத்தோட பிடிங்க, ஓரத்துல ஒண்டு விட்டு ஒரு வளைவுல.

காத்தான்குடி மதில்:

மதில் இருக்கிற ஆக்களுக்குச் செலவு குறைஞ்ச வழி ஒண்டு. 6 அடி மதில், உள்பக்கம் மட்டமாப் பூசியிருக்கணும். மேல உள்நோக்கி 45 பாகையில இரும்புக் கை வெச்சு ரெண்டு அடிக்கு வலை கட்டினா, ஏறுற பூனைக்குத் தலைக்கு மேல வலை வந்திடும். கேற்றுக்கும் அதே மாதிரிப் போடணும். மதிலுக்குக் கிட்ட மாமரம், தண்ணித் தொட்டி, மோட்டார் சைக்கிள் எதுவும் நிக்கக்கூடாது, ஆறடி தள்ளணும். வெளிப் பூனை உள்ள குதிக்கிறதை இது தடுக்காது, அது வெளிய போகவும் ஏலாம உங்கட பூனையோட சண்டை பிடிக்கும். அதனால விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முடிச்ச பூனைக்குத்தான் இது சரி. நாலு மாசக் குட்டி இருக்கிற வீட்டுக்குக் கூடுதான்.