தென்னந்தோப்பில் மண்புழுவை விலைக்கு வாங்கி விடலாமா?

தோப்புக்காரன்:
பொள்ளாச்சிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் தென்னை, செம்மண், சொட்டுநீர். மண்வெட்டியால் கொத்தினால் ஒரு புழுகூடத் தட்டுப்படுவதில்லை. மண்புழு உரம் விற்பவர் ஒருவர், மரத்துக்கு ஒரு கைப்பிடி புழு விட்டால் போதும் என்கிறார். வாங்கலாமா?

புதுவிவசாயி:
தாராளமாக வாங்குங்கள். எங்கள் உரத்தொட்டியில் மளமளவென்று பெருகிவிட்டன.

வரப்போரம்:
தம்பி, தொட்டி வேறு, தோப்பு வேறு. தொட்டிக்கு விற்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க யூட்ரிலஸ் அல்லது ஐரோப்பிய ஐசீனியா. சாணமும் மட்கும் குப்பையும் தின்று மேலாகவே வாழ்பவை. சித்திரை வெயிலில் வெறும் செம்மண்ணில் விட்டால் எறும்புக்கு விருந்துதான். மண்ணைத் துளைத்து ஏறி இறங்க லாம்பிட்டோ மாரிட்டி போன்ற நாட்டுப்புழு வேண்டும். அது வாய்க்கால் ஓரத்திலும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலும் சும்மா கிடக்கிறது.

தோப்புக்காரரே, எந்த மாதத்தில் கொத்தினீர்கள்? மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. மேல்மண் காய்ந்தால் ஆழத்துக்குப் போய்ச் சுருண்டுகொள்ளும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் விடியலில், நிழல் விழும் இடத்தில் குனிந்து பாருங்கள். மிளகளவு ஈரமண் உருண்டைகள் குவியல் குவியலாகக் கிடந்தால் புழு இருக்கிறது, தீனிதான் இல்லை.

அதனால் என் கேள்வி, விழுந்த மட்டையை என்ன செய்கிறீர்கள்? தோப்பில் புகை எழுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மட்டையைத் துண்டு போட்டு, பாளையோடு வட்டப்பாத்தியில் பரப்பிச் சாணக்கரைசல் ஊற்றுங்கள். சொட்டுநீர்க் குழாய் இந்த மூடாக்குக்கு அடியில் போகட்டும். ஊடே பசுந்தாள் உரப்பயிரான சணப்பு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மண்ணோடு மடக்கிவிடுங்கள். ரோட்டவேட்டரை அடிக்கடி ஓட்டினால் புழுவின் வளையெல்லாம் நொறுங்கிவிடும். கார்போஃபியூரான் என்ற பூச்சிமருந்துக் குருணை போட்ட பாத்தியில் புழுவைத் தேடவே வேண்டாம்.

தோப்புக்காரன்:
மட்டையை எரிப்பது உண்மைதான் அண்ணா. பரப்பி வைத்தால் தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு வந்துவிடும் என்று அப்பா விடமாட்டேன் என்கிறார்.

வரப்போரம்:
அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் அந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும், வெட்டிப்போட்ட தென்னந்தண்டு மட்கும் இடத்திலும், உயரமாகக் குவித்த குப்பையிலும். மெல்லிசாகப் பரப்பிய மட்டையில் அதற்கு வசதி குறைவு. பட்டுப்போன மரத்தைத் தோப்புக்குள் விட்டுவைக்காதீர்கள். எருக்குழியைக் கிளறும்போது அந்த வண்டின் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தையும் குழியில் தெளிக்கலாம். முதலில் நான்கு மரத்துக்கு மட்டும் மூடாக்கு போட்டுக் காட்டுங்கள், அப்பா பார்க்கட்டும்.