தீவுக்காரன் மீன் தின்ன மாட்டானா? (திமோர், கொசோவோ பஞ்சாயத்து)

கீழக்கரை மாலுமி:
நேற்று மீன்பிடித் தடைக்கால விவாத இழையில் பாம்பன் கச்சான் போகிற போக்கில் ஒன்றை எழுதிப் போட்டிருக்கிறார். "சண்டை முடிந்து எழுந்த சின்ன நாடுகளில் கிழக்குத் திமோரைப் பாருங்கள். சுற்றிக் கடல், கடல் நிறைய மீன், அடியில் எரிவாயு, இப்போது ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பிலும் இடம். கொசோவோவுக்குக் கடலும் இல்லை, கதியும் இல்லை." இதற்கு 23 பேர் லைக் வேறு. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில், சுற்றிக் கடல் இல்லை. அது பாதித் தீவு. மேற்குப் பாதி இந்தோனேசியா. வரைபடத்தைக்கூடப் பார்க்காமல் எழுதுகிறார்கள்.

இரண்டு நாடும் ஒரே வருடத்தில் அடிபட்டவை. 1999 மார்ச்சில் இருந்து 78 நாள் செர்பியப் படைகள்மேல் நேட்டோ குண்டு போட்டது, ஜூனில் கொசோவோ செர்பியர் கையில் இருந்து ஐநா கைக்கு வந்தது. அதே ஆகஸ்டு 30இல் திமோரில் வாக்கெடுப்பு. நூற்றுக்கு 78 பேருக்கு மேல் இந்தோனேசியாவிடம் இருந்து விடுதலைக்குப் போட்டார்கள். உடனே இந்தோனேசிய ஆதரவுக் கூலிப்படை ஊரையே கொளுத்தியது. அதுவும் ஐநா கைக்குப் போனது. இன்னொரு விஷயம்: கொசோவோவில் ஐநா நிர்வாகத்தைத் தொடங்கிவைத்த ஐநா அதிகாரி செர்ஜியோ வியேரா டி மெலோதான் அதே வருடம் திமோருக்கும் போனார். ஒரே தலைமையாசிரியர், இரண்டு பள்ளிக்கூடம். எது பாஸ் என்று பார்க்கலாம்.

கொசோவோவில் தலைக்கு வருட வருமானம் 5,000 டாலருக்கு மேல். 2024 ஜனவரியில் இருந்து விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குள் போய் வருகிறார்கள். திமோரில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 47 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 2020 கணக்கு. கடலை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? அங்கே மீன் தின்கிற ஆளே குறைவு.

கச்சான்:
மற்றதெல்லாம் இருக்கட்டும். கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே, உங்க ஊர் வழக்கில் காக்கா. தீவுக்காரன் மீன் தின்ன மாட்டானா?

தொண்டி வாத்தியார்:
நல்ல தலைப்பு. ஆனால் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்வோம். முன்னேற்றம் என்று எதைச் சொல்கிறோம்? வருமானமா, ஆயுளா, படிப்பா, பயமில்லாமல் தூங்குவதா? கொசோவோவை நம் இந்தியா இன்னும் நாடாகவே அங்கீகரிக்கவில்லை. 'நாடு' என்ற சொல்லையே நாம் முதலில்...

கச்சான்:
சார், ஒரு நிமிஷம். காக்கா பதில் சொல்லட்டும். தீவுக்காரன் மீன் தின்ன மாட்டானா?

கீழக்கரை மாலுமி:
தம்பி, நான் 22 வருடம் கப்பலில் இருந்தவன். 2013இல் சிமெண்டு ஏற்றிக்கொண்டு திமோர்த் தலைநகர் திலிக்குப் போனோம். அப்போது திபார் துறைமுகம் வரவில்லை, அது 2022இல்தான் திறந்தது. பழைய துறைமுகம் ஊர் நடுவில், நம்ம ஊர் ஜெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எங்கள் முறை வர எட்டு நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். கரைக்குப் போனால் கடற்கரை ரோட்டில் பையன்கள் மீன் விற்றுக்கொண்டு நடப்பார்கள். தோளில் ஒரு கழி, அதன் இரண்டு முனையிலும் நாரில் கோத்த மீன். ஐஸ் கிடையாது, பெட்டி கிடையாது. காலை பத்து மணிக்குமேல் போனால் மீனின் கண் பால் மாதிரி வெளுத்திருக்கும். ஒரு கோவை மூன்று டாலர் கேட்டான். ஆமாம், டாலர்தான். அந்த ஊருக்குச் சொந்த நோட்டு கிடையாது, சில்லறைக்கு மட்டும் சென்டாவோ என்று காசு அடித்துக்கொள்கிறார்கள்.

கடைக்குள் போனால் சுவர் முழுக்கத் தகர டப்பா மத்திமீன். எங்கிருந்தோ வந்தது. கடலுக்கு எதிரே நின்றுகொண்டு டப்பா மீன் வாங்கும் ஊரை நீங்கள் முன்னேற்றம் என்கிறீர்கள்.

கச்சான்:
விற்கிறான் என்கிறீர்கள். விற்றால் ஒருவன் வாங்குகிறான். வாங்கினால் தின்கிறான். டப்பாவில் இருப்பது என்ன, மைசூர்பாகா? அதுவும் மீன்தானே? நீங்களே சாட்சி சொல்லிவிட்டு நீங்களே மறுக்கிறீர்கள்.

ஏர்வாடி எறும்பு:
இரண்டு பேரும் நம் மாவட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். 2011 கணக்கில் ராமநாதபுரம் மாவட்டத்து ஜனம் 13 லட்சத்து 53 ஆயிரம். திமோர் முழுக்கவே 2022 கணக்கில் 13 லட்சத்து 40 ஆயிரம் சொச்சம்தான். அவர்களுடைய பெட்ரோலிய நிதியில் கிடப்பது ஏறக்குறைய 1,800 கோடி டாலர். நமக்குக் கிடைத்திருப்பது 'முன்னேற விழையும் மாவட்டம்' என்ற பட்டம். அந்த வட்டிப் பணத்தில் ஒரு குழாயை எங்கள் தெருவுக்கு இழுத்துவிட்டால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கீழக்கரை மாலுமி:
அதைத்தான் சொல்கிறேன் எறும்பு. பணம் இருக்கிறது, 2005இல் சட்டம் போட்டு ஒழுங்காகத்தான் சேர்த்தார்கள். பெரும்பகுதி அமெரிக்கக் கடன்பத்திரத்தில் தூங்குகிறது. வருடா வருடம் அதில் இருந்து எடுத்துத்தான் அரசாங்கமே ஓடுகிறது. பாயு உந்தான் என்ற கடலடி எரிவாயுக் கிணறும் ஓய்ந்துவிட்டது. அந்த எரிவாயுவும் 2006இல் இருந்து குழாய் வழியாக ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் போய், அங்கேதான் ஆலை, அங்கேதான் வேலை. அடுத்து இருப்பது கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயல். 2018இல் ஆஸ்திரேலியாவோடு கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாகியும், குழாய் திமோர் பக்கமா ஆஸ்திரேலியா பக்கமா என்றுதான் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கச்சான்:
குழாய் எங்கே போனால் என்ன. மீனுக்கு வாருங்கள்.

நாட்டுப்படகு 61:
மண்டபத்தில் இருந்து ஒரு வார்த்தை. என் மச்சான் போலீஸ் படையில் இருந்தவர், ஐநா பணிக்கு கொசோவோ போய் ஒரு வருடம் மித்ரோவிட்சாவில் இருந்தார். மாலுமி சொல்லும் சொர்க்கத்தை அவர் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கரண்ட், மூன்று மணி நேரம் இருட்டு. பனி முழங்காலுக்கு. தெருவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம். ஒபிலிச் மின்நிலையத்தில் பழுப்பு நிலக்கரி எரிக்கிறார்கள், துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை சாயந்திரத்துக்குள் சாம்பல் நிறம். பணம் கட்டும் ஏரியாவுக்குக் கரண்ட், கட்டாத ஏரியாவுக்கு வெட்டு என்று பிரித்து வைத்திருந்தார்களாம். மித்ரோவிட்சா நடுவில் இபார் ஆறு, இந்தக் கரையில் அல்பேனியர், அந்தக் கரையில் செர்பியர், பாலத்தில் இவர் மாதிரி வெளியூர் போலீஸ். அதற்கு நம்ம பாம்பன் பாலமே தேவலை, ரயிலுக்காகத்தான் திறந்து மூடினார்கள்.

தொண்டி வாத்தியார்:
பாம்பன் பாலம் திறப்பது கப்பலுக்கு, ரயிலுக்கு அல்ல. அப்புறம், அல்பேனியர் 'கொசோவா' என்பார்கள், செர்பியர் 'கொசோவோ' என்பார்கள். நாம் எதை எழுதுகிறோம் என்பதிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அதனால்தான் வரையறை முக்கியம் என்று இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன்.

நாட்டுப்படகு 61:
மண்டபத்துக்காரனுக்குப் பாம்பன் பாலம் பாடம் எடுக்கிறார் தொண்டிக்காரர். நடக்கட்டும்.

கீழக்கரை மாலுமி:
மச்சான் போனது எந்த வருடம்? இருபது வருடத்துக்கு முந்தைய கதையா? இப்போது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நிலக்கரிப் புகை இன்றும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிழைக்கத் தெரிந்த சனம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சம்பாதித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். கூடப்பிறந்த நாலு பேர் சேர்ந்து அச்சில் வார்த்த மாதிரி நாலு வீடு வரிசையாகக் கட்டுவார்கள். வருடத்தில் பதினோரு மாதம் பூட்டு. ஆகஸ்டில் கார்கள் வந்து இறங்கும், தினம் ஒரு கல்யாணம். என் கூட வேலை பார்த்த, கொசோவோத் தலைநகர் பிரிஷ்டினாவின் பையன் போனில் படம் காட்டியபோது நான் கீழக்கரை என்றே நினைத்தேன். நம் தெருவில் இல்லாத பூட்டா?

கச்சான்:
அப்போ கீழக்கரை முன்னேறிவிட்டது, பாம்பன் முன்னேறவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினீர்களா? துபாய்ப் பணத்தில் கட்டின வீட்டைவிட, வலை இழுத்துக் கட்டின ஓட்டு வீட்டுக்கு மரியாதை அதிகம். அது சரி, கொசோவோக்காரன் என்ன மீன் தின்கிறான்? அதைச் சொல்லவே இல்லையே.

நாட்டுப்படகு 61:
அது எனக்குத் தெரியும். ஈஸ்டோக் என்ற ஊரில் ஆறு ஊற்றெடுக்கிற இடத்திலேயே ட்ரவுட் வளர்க்கிறார்கள், பக்கத்திலேயே சுட்டுத் தருகிறார்கள். மச்சான் லீவு நாளில் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். முள் குறைவாம்.

கச்சான்:
ஆற்று மீன் ஒரு மீனா?

கீழக்கரை மாலுமி:
பாருங்கள், ஆற்று மீன் மீனில்லையாம். கடல் மீன் தின்னாதவன் தின்பவன் ஆகிவிட்டானாம். திமோர் ஜனம் மலைக்காரர்கள் தம்பி. ரமெலாவ் மலை 2,900 மீட்டருக்கு மேல். காப்பித் தோட்டம், சோளம், கிழங்கு, எருமை, கோழிச்சண்டை. அங்கே நிறைய பேருக்குக் கடல் என்றால் பயம். முதலையைத் 'தாத்தா' என்று கும்பிடுகிறார்கள், தீவே ஒரு முதலையின் முதுகு என்று கதை சொல்கிறார்கள். அந்தத் தாத்தா அவ்வப்போது வந்து வலை வீசுகிறவனையே இழுத்துக்கொண்டு போகிறார்.

வருடத்துக்குத் தலைக்கு சுமார் 6 கிலோ மீன் தின்கிறார்கள், உள்நாட்டு மலையில் 4 கிலோதான். உலகச் சராசரியே 20 கிலோ. இது ஆய்வில் உள்ள கணக்கு, என் கணக்கு இல்லை. இருந்த படகையும் 1999இல் கொளுத்திவிட்டார்கள்.

கச்சான்:
6 கிலோ என்பது முழு மீனா, ஆய்ந்த மீனா? தலையோடா, தலை இல்லாமலா? கருவாடு சேர்த்தா? ஒரு கிலோ கருவாட்டுக்கு எத்தனை கிலோ பச்சை மீன் போகும் என்று ஆய்வு செய்தவனுக்குத் தெரியுமா? எங்கள் வீட்டுக்கு வந்து யாராவது கேட்டால் எங்கள் அம்மாவும் குறைத்துத்தான் சொல்லும், கண் பட்டுவிடும் என்று. மலைக்காரன் 4 கிலோ என்றால் கரைக்காரன் எவ்வளவு? அதை ஏன் மறைத்தீர்கள்?

தொண்டி வாத்தியார்:
கரையில் 17 கிலோவை ஒட்டி வருகிறது. உலகச் சராசரிக்குப் பக்கம்.

கச்சான்:
பார்த்தீர்களா! வாத்தியாரே சொல்லிவிட்டார்! 17!

தொண்டி வாத்தியார்:
நான் உங்களுக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. அந்த நாட்டில் பெரும்பாலோர் கரையில் இல்லை என்பதுதான்...

கீழக்கரை மாலுமி:
வாத்தியார் சார், நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்களா, அவர் பக்கமா? போன வருடம் புதிய மீன் இறங்குதள விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து என் காலை வாரினீர்கள். நான் மறக்கவில்லை.

தொண்டி வாத்தியார்:
நான் உண்மையின் பக்கம். முன்னேற்றம் என்றால் என்ன என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

ஏர்வாடி எறும்பு:
முன்னேற்றம் என்றால் தெருவுக்குக் குழாய் சார்.

தனுஷ்கோடி பேரன்:
இந்தக் கரையில் திமோர், கொசோவோ என்ற பேரெல்லாம் டீக்கடை வரைக்கும் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அக்கரை இலங்கையை நினைத்துத்தான் இந்த இரண்டு பெயரையும் அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பேசினோம். மண்டபம் அகதி முகாமில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பேசாமல் மீனைப் பேசிக்கொண்டிருக்கிறீர்களே?

நெறியாளர்:
அக்கரைப் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

கச்சான்:
சரி. மீனைத்தான் பேசுவோம். முதலைக்குப் பயந்து வீட்டில் உட்காருகிறவன் ஊர் ஊருக்கு உண்டு. அதற்காகக் கடலோடியே இல்லை என்பதா? விசைப்படகு வந்து எங்கள் நாட்டுப்படகு வலையை அறுத்துக்கொண்டு போகும்போது நாங்களும் நாலு நாள் வீட்டில்தான் உட்காருகிறோம். பாம்பன்காரன் கடலுக்குப் போகவில்லை என்று எழுதுவீர்களா?

நாட்டுப்படகு 61:
வலையை அறுத்தது எங்கள் ஊர் விசைப்படகு என்று சொல்ல வருகிறீர்களா? அந்தப் பஞ்சாயத்து முடிந்து நஷ்டஈடும் வாங்கியாகிவிட்டது.

கச்சான்:
பாதிதான் வாங்கியது.

நாட்டுப்படகு 61:
பாதிதான் அறுந்தது.

கீழக்கரை மாலுமி:
விஷயத்துக்கு வாருங்கள். ஆசியான் என்று பெருமை அடித்தீர்கள். 2025 அக்டோபரில்தான் 11ஆவதாகச் சேர்த்தார்கள். விண்ணப்பம் போட்டது 2011இல். அத்தனை வருடம் வாசலில் நிற்க வைத்தார்கள். 2006இல் சொந்தப் பட்டாளமே இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டது, திரும்பவும் வெளிநாட்டுப் படை வந்து இறங்கியது. இதெல்லாம் நீங்கள் எழுதவே இல்லை. கடல், கடல், கடல். கடல் இருந்தால் போதுமா? 64 புயலில் நமக்குக் கடல் இல்லையா?

கச்சான்:
தனுஷ்கோடியை இதில் இழுக்காதீர்கள் காக்கா. எங்கள் தாத்தா அங்கே போனவர்.

கீழக்கரை மாலுமி:
சரி, அந்த வரியை எடுத்துவிடுகிறேன். மற்றதை எடுக்க மாட்டேன். மீன் தின்கிறவன் குறைவு என்று நான் சொன்னது சொன்னதுதான். பழைய போனில் அந்த மீன் விற்கிற பையனின் படம் இருந்தது, தேடிப் பிடித்துவிட்டேன். கீழே போட்டிருக்கிறேன். மீனைப் பாருங்கள், கண் எப்படி வெளுத்திருக்கிறது என்று. நேரம் காலை 10:40. ஒருவனும் வாங்கவில்லை.

கச்சான்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் கோவையில் இருப்பது பாறைக்குட்டி. பின்னால் இருப்பது நகரை மாதிரித் தெரிகிறது. ஒரு முனையில் நாலு கோவை. மறுமுனையில் ஒன்றுதான் தொங்குகிறது, கழி சாய்ந்திருக்கிறது. மீதி மூன்றும் எங்கே போயின? விற்றுவிட்டான். யாருக்கு விற்றான்?

கீழக்கரை மாலுமி:
ஒன்றை நான்தான் வாங்கினேன்.

கச்சான்:
மீதி இரண்டு?

கீழக்கரை மாலுமி:
எங்கள் கப்பல் குக் வாங்கினார்.

கச்சான்:
இரண்டையுமா?

கீழக்கரை மாலுமி:
கழி சாயவே இல்லை. கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரும்.