மிளகாய்க்கு உயிரி மருந்து அடித்தவர்களே, மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கமுதிக்காரன்:
குண்டு மிளகாயில் காய்ப்புழு. என்பிவி என்ற உயிரி மருந்தை அடித்தேன். மறுநாளும் புழு பாட்டுக்குக் காயைத் துளைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காட்டு மாமா, "வெறும் தண்ணியத்தான் அடிச்சியா மாப்ள?" என்று சிரித்தார். ஒரு வாரம் போகப் பார்த்தால், செடி உச்சியில் புழுக்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. கறுத்து, ஊதி, தொட்டால் உடைந்து கூழாக வடிகிறது. பழம் பறிக்க வந்த அக்கா என்ன மருந்து என்று கேட்டார். வைரஸ் என்றேன். கூடையைக் கீழே வைத்தவர்தான். புழுவை மட்டும்தான் பிடிக்கும், நமக்கு ஒன்றும் செய்யாது என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இப்போது மாமா காட்டில் பறிக்கிறார். அங்கே அடிக்கிற மருந்து வாடை ரோடு வரை வருகிறது!

வைகைக்கரை:
புழுவெல்லாம் ஒரு தொல்லையா? பூவுக்குள் குடியிருக்கும் கருப்பு இலைப்பேனுக்கு வழி சொல்லுங்கள். ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் தட்டினேன். கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புக் கறுப்பாக விரலிடுக்கில் ஓடின. வெர்டிசிலியம் என்ற உயிரி மருந்தை அடித்தும் பூ கொட்டியது கொட்டியதுதான். கடையில் அந்தப் பாக்கெட் வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் கிடந்தது. அதற்குள் என்ன உயிர் மிச்சமிருக்கும்?

மானாவாரி:
வைகைக்கரை, மருந்தைப் பழிக்காதீர்கள். 2021ல் ஆந்திரா, தெலங்கானாவில் இதே பேன் வந்தபோது ரசாயனம் அடித்தவர்களும்தான் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். என் காட்டில் நீல ஒட்டும் அட்டை கட்டினேன், பேன் ஒட்டியே கறுப்பாகிவிட்டது. என் கதை அவ்வளவுதான். வெர்டிசிலியம் என்பது பூசணம், அதற்கு ஈரம் வேண்டும். பொழுது சாயத்தான் அடிக்கணும். பூசணக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் இதைக் கரைத்தால் இதுவும் சாகும். அப்புறம், இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்பார்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோ இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டுங்கள். 100 லிட்டராக்கி, காதி சோப்பு 200 கிராம் கரைத்து அன்றைக்கே அடிக்கணும். ரொம்பப் பழைய கொட்டை ஆகாது.

வைகைக்கரை:
அண்ணே, பொழுது சாயத்தான் அடித்தேன். டேங்க்கும் புதுசு. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 10 கிலோ பருப்பு இடிக்க ஆள் எங்கே கிடைக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.