மருந்து டாங்கி சுவிட்ச் உருகுது, எத்தனை ஆம்பியர் போடணும்?

கந்தப்பளை_லீக்ஸ்:
பயிருக்கு மருந்தடிக்கிற 16 லீற்றர் பேட்டரி டாங்கி. 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் பேட்டரி. பம்ப் ஓடுறப்போ மீட்டர்ல 2.8 ஆம்பியர்தான். அடியில இருக்கிற சின்ன ராக்கர் சுவிட்சில 6 ஆம்பியர் 250 வோல்ட்னு போட்டிருக்கு. ஆனாலும் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, அமுக்கினா திரும்பி வராம நிக்குது. புதுசு மாத்தியும் அதே கதை. 16 ஆம்பியர் சுவிட்ச் போட்டா தீருமா?

வயரிங்_பாஸ்:
அந்த 6 ஆம்பியர் வீட்டுக் கரண்டுக்கு எழுதினது, அதுவும் பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்கு. வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுட்டுப் போகும், அதனால சுவிட்ச் திறக்கிறப்போ வர்ற பொறி தானா அணைஞ்சிடும். பேட்டரிக் கரண்டுக்கு அந்த வசதி கிடையாது. 12 வோல்ட் சின்னதுதானேன்னு விடவும் முடியாது. மோட்டார்ச் சுருளை வெட்டுற நொடியில வோல்டேஜ் குதிச்சு எழும்பும், சுவிட்சுக்குள்ள ஒட்டிப் பிரியிற உலோக முனையை, அதாவது காண்டாக்டை, கடிக்கிறது அதுதான்.

ஓடுற கரண்டையும் நம்பாதீங்க. நின்ன மோட்டார் புறப்படுற நொடியில இழுக்கிறதை அதோட சுருள் ரெசிஸ்டன்ஸ்தான் தீர்மானிக்கும். மீட்டர் முனை ரெண்டையும் ஒட்டினா வர்ற அளவைக் கழிச்சு மோட்டார்ல 1 ஓம் காட்டினா, 12 ஆம்பியர் வரைக்கும் போகலாம். சாதாரண மீட்டர் அந்த நொடியைப் பிடிக்காது. சுவிட்ச் வாங்கறப்போ நேர்மின்னுக்கு, அதாவது டீசிக்கு, எத்தனைன்னு தனியா எழுதியிருக்கான்னு பாருங்க. அது எழுதாத சுவிட்ச்சுன்னா ஓடுற கரண்டைப் போல நாலஞ்சு மடங்கு உள்ளதை எடுக்கணும்.

மலைமேட்டு_மெஷின்:
பாஸ் சொல்றது சரி, ஆனா இந்தக் கேஸுக்கு அது முழுக் காரணமா எனக்குத் தெரியல. டாங்கியில மெயின் சுவிட்ச்சை ஒரு தடவை போட்டா டாங்கி முடியிற வரைக்கும் அப்படியே கிடக்கும். துப்பாக்கிக் கைப்பிடியை விடுறப்போ எல்லாம் திறந்து மூடுறது பம்ப் தலையில இருக்கிற பிரஷர் சுவிட்ச். பொறி தின்னா அதுதான் முதல்ல போகணும். மெயின் சுவிட்ச் உருகுதுன்னா முதல் சந்தேகம் லக் மேலதான், அதாவது வயர் நுனியில இருந்து சுவிட்ச் காலில சொருகுற உலோகக் கவ்வி.

பழைய சுவிட்சைக் கழட்டிப் பாருங்க. ஒரு காலோட அடி மட்டும் பழுப்பா இருந்தா லக் தளர்வு. நடுவயிறு உருகியிருந்தா காண்டாக்ட். அதோட பம்ப் ஓடுறப்போ சுவிட்ச்சோட ரெண்டு கால்லயும் மீட்டரை 2 வோல்ட் நேர்மின் அளவில வைங்க. 0.1 வோல்டுக்குக் கீழே வந்தா நல்லது. 0.3 தாண்டினா எங்கேயோ தடுக்குது.

கந்தப்பளை_லீக்ஸ்:
நன்றி அண்ணே. ஒரு கால் அடியில பழுப்பு, லக்கும் ஆடுது. மீட்டர் முனையை லக் மேல வச்சா 0.42 வோல்ட், சுவிட்ச்சோட கால்லயே வச்சா 0.06தான்.

மலைமேட்டு_மெஷின்:
அப்போ சுவிட்ச் குத்தம் இல்ல. 0.36 வோல்ட் லக்கிலயே போகுது, 2.8 ஆம்பியரோட பெருக்கினா கிட்டத்தட்ட 1 வாட். விரல் நுனியளவு பிளாஸ்டிக்குக்கு அது போதும். சூட்டில லக் இன்னும் விரியும், விரிஞ்சா இன்னும் சூடு. 16 ஆம்பியர் சுவிட்சுக்கு அதே லக்கைச் சொருகினாலும் உருகத்தான் செய்யும், அதோட அது பெருசு, இந்த ஓட்டையில உட்காராது. சின்ன ராக்கருக்கு 19க்கு 13 மில்லிமீற்றர் ஓட்டை, 4.8 மில்லிமீற்றர் லக். பலருக்கு இங்கதான் தப்பு நடக்குது: பெரிய 6.3 மில்லிமீற்றர் லக்கைக் குறடால நசுக்கி மாட்டுவாங்க. சரியான 4.8 லக், 1 சதுர மில்லிமீற்றர் மெல்லிழை வயர், லக் அழுத்துறதுக்குன்னே இருக்கிற குறடான கிரிம்பர்ல அழுத்தணும். ஈயம் மட்டும் ஊத்தினா அதிர்வில வயர் அடியில முறியும்.

மருந்து சொட்டுற இடத்தில செம்பு மருந்து சுவிட்ச் காலில பச்சை பிடிக்க வைக்கும். சுவிட்சுக்கு ரப்பர் மூடி, லக் மேல கொஞ்சம் வாசலின்.

வயரிங்_பாஸ்:
ஒத்துக்கிறேன், லக்தான். பிரஷர் சுவிட்சைக் காப்பாத்த இன்னொரு வேலை: மோட்டார் கால் ரெண்டுக்கும் குறுக்க 1என்5408 டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பாகம்), வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டா ஷார்ட், அதனால பேட்டரி பாசிட்டிவ் கிட்ட 10 ஆம்பியர் பியூஸ் இல்லாம இதைத் தொடாதீங்க. டயோடை மெயின் சுவிட்ச் பக்கம் வைக்காம மோட்டார்லயே வச்சாத்தான் ரெண்டு சுவிட்ச்சுக்கும் காவல்.

ஊட்டுவத்தை_சர்க்கிட்:
சின்ன சுவிட்ச்சையே வச்சுக்க ஆசைன்னா மோட்டார்க் கரண்டோட பாரத்தை அதுமேலிருந்து இறக்குறது நல்லது. வேப் சாதனம், அதாவது மின்சிகரெட், அப்படித்தான்: 0.5 ஓம் சுருளுக்கு நிறைஞ்ச 4.2 வோல்ட் செல் 8.4 ஆம்பியர் தரும், ஆனா விரல் அமுக்குற பொத்தான் 50 மில்லிஆம்பியர் ரகம்தான். அது மாஸ்பெட்டை, அதாவது உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச்சை, இயக்கும், பாரம் மாஸ்பெட் சுமக்கும்.

டாங்கிக்கு வாகன ரிலே போதும், அதாவது சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச்: 12 வோல்ட் 30 ஆம்பியர், நாலு கால், காலுக்கு 30, 87, 86, 85னு எண் இருக்கும். பியூஸ் தாண்டின பாசிட்டிவ் 30ம் காலுக்கு, 87ல இருந்து மோட்டாருக்கு. மெயின் சுவிட்ச்சும் பிரஷர் சுவிட்ச்சும் தொடரா 86க்கு, 85 நெகட்டிவ்வுக்கு. வேகக் குமிழ் இருந்தா அது 87க்கும் மோட்டாருக்கும் நடுவில. ரிலேச் சுருளுக்கும் ஒரு டயோட், கோடு 86 பக்கம். சுருள் 150 மில்லிஆம்பியர் இழுக்கும், 3 மணித்தியாலத்துக்கு 0.45 ஆம்பியர்-அவர். பேட்டரியோட 8 ஆம்பியர்-அவர்ல இதுவும் போகும்னு கணக்குல வச்சுக்கங்க. ரிலேயைக் கால் கீழே பார்க்க நிமிர்த்திக் கட்டுங்க, இல்லாட்டி சொட்டுற மருந்து கால்ல தேங்கும்.