விளக்கு வைத்த பிறகு ‘பூச்சி’தான்

வரப்போரம்:
அந்த ஒரு சொல் இன்னும் என்னை விடவில்லை. இருட்டிய பிறகு பாம்பைப் பெயர் சொல்லக் கூடாது, சொன்னால் வந்துவிடும் என்று நம்பும் வீடு எங்களுடையது. ‘பூச்சி’ என்றுதான் சொல்வோம். பாயில் படுத்திருந்த அப்பாவுக்கு நள்ளிரவில் விரலில் சுருக்கென்றது. மருத்துவமனையில் அம்மா, “பூச்சி கடித்துவிட்டது ஐயா” என்றார். மருத்துவர் வெளியூர்க்காரர். வீக்கமில்லை, வலியுமில்லை. ஊசி போட்டு அனுப்பிவிட்டார். விடிகாலையில் அப்பா, “விளக்கை ஏன் அணைத்தாய்?” என்று கேட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு இமைகளும் பாதிக்குமேல் இறங்கிவிட்டன. அவர் திறக்க முயன்றபோது நெற்றிதான் சுருங்கியது. கட்டுவிரியன். 11 நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார்.

வைகைக்கரை:
வெளியூர்க்காரர் என்பதெல்லாம் ஒரு காரணமா? எங்கள் அத்தை கடலைக் காட்டிலிருந்து வந்து “பூச்சி” என்றதுமே செவிலியர், “பறக்கிறதா, ஊர்கிறதா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால்தான் அத்தை பிழைத்தார். நோயாளியின் பேச்சைக் கற்றுக்கொள்வதும் வைத்தியம்தான்.

செம்மண்காடு:
எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே நச்சுமுறிவு மருந்துதான். அதற்கான நஞ்சை, 1978-இல் தொடங்கிய இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறார்கள். கட்டுவிரியன் கடித்தால் தடம்கூடத் தெரியாமல் போகலாம். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். முக்கியமாக, வாய்விட்டுப் ‘பாம்பு’ என்று சொல்லுங்கள். வயிற்றில் புழு இருந்தாலும் பூச்சி, பயிரில் விழுந்தாலும் பூச்சி என்றால் மருத்துவர் எதையென்று நினைப்பார்?

தாழம்புதர்:
சொல்லின் மேல் பழி போடாதீர்கள். கடிப்பதையே ‘நல்ல’ பாம்பு என்று அழைப்பவர்கள் நாம். அது அச்சம் மட்டுமில்லை, மரியாதையும்தான். என் பாட்டி “பூச்சி இருக்கிறது, பார்த்துப் போ” என்று ஒருநாள் தணிந்த குரலில் சொன்னார். தூக்கிய கால் அப்படியே நின்றது. அவர் கத்தியிருந்தால் பதறி மிதித்திருப்பேன்.

வரப்போரம்:
மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை, வைகைக்கரை. நேற்று இருட்டிய பிறகு அம்மா கொல்லையிலிருந்து, “பாம்பு, பாம்பு” என்று கூப்பிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். சாரை. அது வேலிக்குள் போய் வெகுநேரம் ஆகியும் அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.