மறுமொழி: கன்சென்ட்: ஒப்புதலா, சம்மதமா, இசைவா?

குழுவினருக்கு வணக்கம்.

கன்சென்ட், அதாவது ஒருவர் கேட்டபின் நாமாக 'செய்யலாம்' என்று சொல்வது, அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். இதே வேலையில் கை சிக்கியிருந்ததால் எழுத முடியவில்லை. புதுச்சேரியில் ஒரு சின்ன விருந்தினர் இல்லம். வருகிறவர்களில் பாதிப் பேர் பிரான்சிலிருந்து. தளம் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருக்கிறது, வாடகையை யூரோவில் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களைக் கூப்பிட்டு விற்றால் அந்த ஊர்த் தரவுச் சட்டம் (ஜிடிபிஆர்) நம்மையும் பிடிக்கும். அதனால் குக்கி, அதாவது வாசகரை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளம் அவர் உலாவியில் போட்டுவைக்கும் சிறு குறிப்பு, அதை வைக்குமுன் கேட்கிற பட்டை ஒன்று வேண்டும். மற்ற இரண்டு மொழிக்கும் ஆயத்த வாசகம் கிடைத்தது. தமிழுக்கு நான் உட்கார்ந்தேன்.

> ஒப்புதல் என்றே போடலாம். அரசுக் கோப்புகளில் பழகிய சொல்.

ஐயா, பழக்கம்தான் இங்கே இடிக்கிறது. நிர்வாக ஒப்புதல் என்றால் மேலிடம் கீழே கொடுப்பது. ஒப்புதல் வாக்குமூலம் என்றால் குற்றத்தை ஒத்துக்கொள்வது. என் தரவைத் தொடலாமா என்று ஒருவர் கேட்க, நான் சொல்லும் பதில் இரண்டிலும் சேராது. இன்னொன்று, ஒப்புதல் கிடைத்தால் கோப்பு மூடிவிடும். கன்சென்ட் கோப்பு மூடவே மூடாது. கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்கவேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமும் சொல்கிறது, நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

> சம்மதம் எல்லாருக்கும் புரியும். வடசொல் என்று ஒதுக்காதீர்கள்.

ஒதுக்கவில்லை அம்மா. என் முதல் வரைவில் சம்மதம்தான் இருந்தது. அப்புறம் 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்பது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். பெண் பார்க்கிற வீட்டில் தலை குனிந்து நின்றாலே சம்மதம் என்று எழுதிக்கொண்ட ஊர் நம்முடையது. அந்த ஐரோப்பியச் சட்டம் இதற்கு நேர் எதிர்: மௌனமாக இருப்பது, முன்கூட்டியே டிக் அடித்த கட்டம், ஒன்றும் செய்யாமல் விடுவது, இவை கன்சென்ட் ஆகாது என்று அதன் முகவுரையின் 32ஆம் பத்தி வெளிப்படையாகவே சொல்கிறது. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பிளானெட்49 வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் இதைத்தான். ஒரு ஜெர்மன் பரிசுப் போட்டித் தளம். குக்கிக்கான டிக்கைத் தளமே அடித்து வைத்திருந்தது, வேண்டாதவர் எடுத்துக்கொள்ளவேண்டும். செல்லாது என்றார்கள். மௌனத்தோடு இவ்வளவு ஒட்டி உறவாடும் சொல்லை இந்த இடத்தில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, என் வாக்கு இசைவுக்கு. 'இசைந்தான்' என்றால் அவனாக ஒத்துவந்தான் என்று பொருள். வாய் திறக்காதவனை இசைந்தான் என்று யாரும் சொல்வதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தரும் இசைவாணையும் இந்தக் கன்சென்ட்தான். அது மேலிருந்து வருவது, சரி. ஆனாலும் அதற்குக் காலக்கெடு உண்டு, புதுப்பிக்கவேண்டும், பறிபோகவும் செய்யும். இந்தக் குணம் நமக்குத் தேவை.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. பட்டையில் 'இசைவு அமைப்புகள்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். விடுதிக்காரரின் மகள் பார்த்துவிட்டு, "பாட்டு எதுவும் ஓடுமா அங்கிள்?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால் கலைச்சொல் ஆவணத்தில் இருக்கட்டும், பொத்தானில் வினை இருக்கட்டும் என்று முடிவுசெய்தேன்: 'அனுமதிக்கிறேன்', 'வேண்டாம்', 'நானே தேர்வு செய்கிறேன்'. 'மறுக்கிறேன்' என்றால் நீதிமன்ற வாடை அடிக்கிறது. கடையில் நாம் சொல்வது 'வேண்டாம்'தானே. மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். ஏற்பது ஒரு சொடுக்கு, மறுப்பது பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காகத்தான் பிரான்சின் தரவுக் கண்காணிப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

'சரி' என்று போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. போனில் 'சரி, சரி' என்றால் காதில் விழுந்தது என்றுதான் பொருள். ஒத்துக்கொண்டேன் என்று ஆகாது.

குக்கியைக் குக்கியாகவே விட்டுவிடலாம். நினைவி நல்ல சொல்தான், நினைவகத்துக்குப் பக்கத்தில் வரும்போது குழம்புகிறது. 1994இல் நெட்ஸ்கேப் என்ற உலாவிக் கம்பெனியில் நிரலர் லூ மொன்டூலி பெயர் வைத்தபோதே அது கணினித் துறையில் வேறோர் இடத்தில் புழங்கிய 'மேஜிக் குக்கி'யிலிருந்து எடுத்த கடன்தான்.

> டேக் = குறிச்சொல். இதில் விவாதமே வேண்டாம்.

இதில்தான் விவாதம் வேண்டும்! பதிவின் அடியில் 'சமையல்', 'பயணம்' என்று போடுவது குறிச்சொல். டேக் மேனேஜரில், அதாவது தளத்தில் எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என்று ஒரே இடத்தில் வைத்து நடத்தும் கருவியில், இருக்கும் டேக் ஒரு சொல்லே கிடையாது. வெளியார் எழுதிய நிரல், நம் பக்கத்தில் ஒட்டி ஓடுவது. ஒட்டு மாஞ்செடியை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்டு நம்முடையது, பழம் வேறு சாதி. 'ஒட்டுநிரல்' என்று சொல்லிப் பார்க்கிறேன். டேக் மேனேஜர் ஒட்டுநிரல் மேலாளி.

பெயர் சரியாக இருந்தால் பிழையும் கண்ணில் படும். அந்த விடுதித் தளத்தில் முன்பே ஒரு பட்டை இருந்தது, யாரோ போட்டுக்கொடுத்தது. மறைநிலைச் சாளரத்தில் திறந்தேன். பட்டை கீழே நிற்கிறது, நான் எதையும் தொடவில்லை. உலாவியின் உருவாக்குநர் கருவியில் குக்கிப் பட்டியலைப் பார்த்தால், வருகையாளர் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் குக்கி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, ஆயுள் இரண்டு வருடம். பட்டையையும் ஒரு ஒட்டுநிரலாக, அனலிட்டிக்ஸுக்கு வைத்த 'எல்லாப் பக்கமும்' என்ற அதே நிபந்தனையில் மாட்டியிருந்தார்கள். கேட்கிறவரும் எடுக்கிறவரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைந்தால் யார் முந்துவார்?

கூகுள் டேக் மேனேஜரில் இதற்கென்றே 'கன்சென்ட் இனிஷியலைசேஷன்' என்று ஒரு ட்ரிகர் (ஒட்டுநிரல் எப்போது ஓடவேண்டும் என்று சொல்லும் நிபந்தனை) உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும். பட்டையை அங்கே மாற்றி, விளம்பரச் சேமிப்பு, பகுப்பாய்வுச் சேமிப்பு, 2023 கடைசியில் சேர்ந்த மற்ற இரண்டு விளம்பர விசை, ஆக நான்கு இசைவு விசைக்கும் தொடக்க நிலை 'இசைவு இல்லை' என்று வைத்தேன். வாசகர் அழுத்திய பிறகுதான் 'இசைவு உண்டு' ஆகும். இசைவு இல்லாதபோதும் அனலிட்டிக்ஸ், குக்கி வைக்காமல், கூகுளுக்குச் சிறு சமிக்ஞை அனுப்பும். அதுவும் போகவேண்டாம் என்று அந்த ஒட்டுநிரலுக்குக் கூடுதல் இசைவு நிபந்தனையும் போட்டேன். இப்போது பட்டியல் காலி.

ஒரு எச்சரிக்கை. 'இசைவு மேலாளர்' என்ற சொல்லை இந்தப் பட்டைக் கருவிக்குச் செலவழித்துவிடாதீர்கள். நம் 2023 சட்டத்தில் கன்சென்ட் மேனேஜர் என்பது, மக்கள் தங்கள் இசைவைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் இடையில் நின்று உதவும், தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் பதிவுசெய்த தனி அமைப்பு. 2025 விதிகளின்படி குறைந்தது 2 கோடி ரூபாய் நிகர மதிப்புள்ள இந்தியக் கம்பெனியாக இருக்கவேண்டும். பட்டையை ஓட்டுவதற்கு 'இசைவுக் கருவி' போதும். அதே சட்டம், கன்சென்ட் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கிற வசதி தரச் சொல்கிறது. நாம் முடிவு செய்யாவிட்டால் ஏதாவது மொழிபெயர்ப்பு எந்திரம் 'ஒப்புதல் குக்கீகள்' என்று முடிவு செய்துவிடும்.

ட்ரிகருக்கு மட்டும் இன்னும் சொல் பிடிபடவில்லை. 'தூண்டி' என்று எழுதிவைத்திருக்கிறேன். மீன் பிடிக்கப் போகிறோமா என்று வீட்டில் கேட்கிறார்கள். விடுதிக்காரருக்குக் கையேடு வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும். அதற்குள் யாருக்காவது நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.